அபிஷேகம் நின்ற வாரம்

என் மகள் யாழினி பிறந்து எழுபதாம் நாள். ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை. குழந்தைகள் டாக்டர் எடைக்கருவியில் அவளை இரண்டு முறை கிடத்திப் பார்த்தார். மூன்று வாரத்தில் எழுபது கிராம்தான் ஏறியிருந்தது.

"அடுத்த திங்கட்கிழமை வாங்க. இதே மாதிரி இருந்தா அட்மிட் பண்ணிடலாம். மூக்கு வழியா சின்ன ட்யூப் போட்டு பால் குடுத்துப் பாக்கணும்" என்றார்.

என் மனைவி சுகந்தி, எங்கள் வீடு இருக்கும் தொம்மலூருக்குத் திரும்பும் ஆட்டோவில் குழந்தையின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முருகன் அடியார்களான உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கேட்டதைத் தந்தான் என்று மட்டும் சொல்லிவிட்டால் எளிது. எப்படித் தந்தான் என்று சொல்லப் போனால் என் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் தேதி குறிக்கும் பழக்கம் உள்ளவன். சிறுவயதிலிருந்தே டைரி எழுதுகிறேன். விடுமுறை நாட்களில் பழைய கல்வெட்டுகளைத் தேடிப் போய், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று எழுதிக்கொண்டு வருவேன். குழந்தை பிறந்ததும் அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எத்தனை மணிக்குக் கக்கினாள், எவ்வளவு நேரம் அழுதாள், எல்லாம் அதில் இருக்கும்.

பதினைந்தாம் நாளிலேயே கக்கத் தொடங்கிவிட்டாள். டாக்டர் அதை ரிஃப்ளக்ஸ் என்றார். குடித்த பால் இரைப்பையில் தங்காமல் மேலே எதுக்களித்து வருவது. நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. உட்காரப் பழகும்போது தானாகக் குறையும். குடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்திருங்கள் என்றார். பிடித்திருந்தோம். ஆளுக்கு ஒரு தோளில் துண்டோடுதான் அந்த நாட்கள் போயின.

ஆனால் முப்பத்து நான்காம் நாளிலிருந்து அது வேறு மாதிரி ஆனது. பால் குடிக்க வாய் வைப்பாள், நாலு வாய் உறிஞ்சுவாள், உடனே வில்லாக வளைந்து வீறிடுவாள். பசியும் அடங்காது, குடிக்கவும் மாட்டாள். ஐம்பத்தெட்டாம் நாள் அவள் மலம் கழித்த துணியில் நூல் மாதிரி ஒரு ரத்தக் கோடு. சொட்டு மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை.

உதவிக்கு வாணியம்பாடியிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். கைக்குழந்தையைப் பார்ப்பதில் கெட்டிக்காரி. ஆனால் வந்த நாள் முதல் அவளுக்குச் சந்தேகம் ஒரே இடத்தில்தான்: சுகந்தியின் சாப்பாட்டில்.

"நேத்து என்னா துன்ன?"

"ரசம் சாதம்தான் அண்ணி."

"ரசத்துல மெளகு போட்டியா?"

"கொஞ்சம்."

"அதான். தாய்ப்பாலுல காரம் எறங்கிருக்கும். புள்ள வயிறு எரியாம இன்னா பண்ணும்?"

மிளகு போயிற்று. பிறகு பருப்பு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு. கடைசியில் சுகந்தி வெறும் சோற்றில் பூண்டும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டாள். அப்போதும் குழந்தை அழுதது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களும் அதையே கேட்டார்கள். நானும் கேட்டேன். ஒருநாள் வேலையிலிருந்து போன் செய்து, "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுதினேன்.

எழுபத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் எங்கள் தெருமுனை முருகன் கோயிலுக்குப் போனேன். தினமும் போவதுதான். ஆறரை மணி அபிஷேகம் பார்த்துவிட்டு, அபிஷேகப் பாலைச் சின்ன டம்ளரில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிறகுதான் எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கம்பெனி வண்டியைப் பிடிப்பேன்.

அன்று கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. கருவறை வாசலில் திரை. முன்மண்டபத்தில் ஒரு மரப்பலகையில் எழுதிய முருகன் படத்துக்குத் தீபாராதனை நடந்துகொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலமே பாலாலயம் ஆயிடுச்சுங்க. சாமிய இந்தப் பலகைக்கு மாத்தியாச்சு" என்றார் குருக்கள். "திருப்பணி முடிஞ்சு கும்பாபிஷேகம் ஆகற வரைக்கும் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. பலகைக்குப் பால் ஊத்த முடியாதில்லையா?"

காலி டம்ளரோடு அந்தத் திரைக்கு முன்னால் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முருகனைத் திட்டினேன். பிள்ளைக்கு ஆபத்து என்று வந்து நிற்கும் நாளில் கதவைச் சாத்திக்கொள்கிறாயே, உனக்கே இது நியாயமா என்று கேட்டேன். அதுவரை தினமும் ஒரே வேண்டுதல்தான்: அவள் கக்குவது நிற்க வேண்டும். அன்று வாயில் வேறு வார்த்தைகள் வந்தன. "காரணத்தைக் காட்டு. அது எங்கே இருந்தாலும், யாரிடம் இருந்தாலும் காட்டு." இவ்வளவுதான். திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதனும் அழுகைதான். வியாழக்கிழமை மதியம் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினாள். சுகந்தி பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கக்கினாள், ஆனால் வளைந்து வீறிடவில்லை. நம்பப் பயமாக இருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

சனிக்கிழமை காலை, டாக்டரிடம் காட்டுவதற்காக நோட்டிலிருந்ததை ஒரே தாளில் நாள்வாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்காம் நாளில் அழுகை கூடியது என்று எழுதியபோது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று டைரியைப் புரட்டினேன். முப்பத்தோராம் நாள், வியாழக்கிழமை: "குழந்தையை முதன்முதலாகக் கோயிலுக்குத் தூக்கிச் சென்றோம். குருக்கள் அபிஷேகப் பால் கொடுத்தார்."

கை நின்றுவிட்டது.

அன்று முதல் நாற்பது நாள், சுகந்தி குளிக்கப் போகும் நேரத்தில், அந்தப் பாலில் கொஞ்சம் சங்கில் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டியிருக்கிறேன். மறைத்துச் செய்யவில்லை. சொல்லவும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் பிரசாதத்தை நான் ஓர் உணவாக நினைத்ததே இல்லை. எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் குறித்த என் நோட்டில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. நின்றது எப்போது? திங்கட்கிழமையோடு. திரை போட்ட அன்றோடு.

அப்படி நினைப்பதே பாவமோ என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். பாவத்துக்குப் பயந்தேனா, சுகந்தியின் முகத்துக்குப் பயந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அந்தப் பூண்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். சொல்லிவிட்டேன்.

அக்கா பதறினாள். "டேய், சாமி பாலுடா அது! அதும் மேல குத்தம் சொல்றியே, வாய் வெந்துடும்!"

"சாமி மேல சொல்லலக்கா. என் மேல சொல்றேன்."

சுகந்தி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன்.

"நாப்பது நாளா நான் என்ன தின்னேன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றாள் மெதுவாக. "நீங்களும் கேட்டீங்க. நானும் ராத்திரி பகலா யோசிச்சேன், எந்த வாய் சோறு எம்புள்ளைய இப்படிப் பண்ணுதுன்னு."

அதற்குப் பிறகு எழுந்து போய்விட்டாள்.

எழுபத்தேழாம் நாள், திங்கட்கிழமை. எடைக்கருவியில் நூற்றெண்பது கிராம் கூடுதல். டாக்டர் நிமிர்ந்து, "என்ன பண்ணீங்க?" என்றார். நான் சொன்னேன்.

"சார், மூணு தடவ கேட்டேன் உங்கள. தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுக்கறீங்களான்னு. இல்லவே இல்லைன்னீங்க."

"பிரசாதம்னு நெனச்சு..."

"எங்க வீட்லயும் சாமி கும்பிடுவோம் சார். ஆனா குழந்தை வயித்துக்கு அது பசும்பால்தான். சில குழந்தைங்களுக்கு ஒத்துக்காது. அதுவும் காய்ச்சாத பால்!" கோபம் தணிந்ததும், இது மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ரிஃப்ளக்ஸ் இன்னும் சில மாதம் இருக்கும், ஆனால் அட்மிட் செய்யத் தேவையில்லை என்றார். பிறகு சுகந்தியிடம், "நீங்க எப்பவும் போல எல்லாம் சாப்பிடுங்கம்மா" என்றார்.

"காரம்?"

"தாராளமா."

ஆட்டோவில்கூட அழாதவள் அங்கே அழுதாள்.

மறுநாள் குருக்களிடமும் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "நான் உங்களுக்குத்தானே குடுத்தேன்? பச்சப் பிள்ளைக்கு நெத்தியில ஒரு பொட்டு விபூதி போதுமே. குடுக்கச் சொல்லி யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லை.

அடியார்களே, யாழினி அதற்குப் பிறகும் கக்கினாள். ஏழாம் மாதம் வரை எங்கள் தோளில் துண்டு இருந்தது. ஆனால் மூக்கில் குழாய் ஏறவில்லை. டாக்டர் சொன்னது அறிவியல், அதை மதிக்கிறேன். ஆனால் நான் தினமும் கையேந்தி நின்ற இடத்திலேயே, நான் ஏந்தியதைத் தராமல் திரை போட்டு என் குழந்தையைக் காத்தவன் அவன் என்பதையும் நம்புகிறேன். இதை யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. அன்று அவனைத் திட்டியதற்கு இன்றும் தினம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் வேண்டுதலுக்குக் கதவு சாத்தியிருப்பதாகத் தோன்றினால் விட்டுவிடாதீர்கள். காரணத்தைக் காட்டு என்று கேளுங்கள். காட்டுவான். அது உங்கள் கையிலேயே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். சாமி கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை எழுதட்டுமா என்று சுகந்தியிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா எம்மேல தப்பு இல்லைன்னு அதுல இருக்கணும். உங்க அக்கா படிக்கற மாதிரி" என்றாள்.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, அக்கா.