சிவப்பு வில்லை

எனக்கு லியாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நேராகச் சொல்ல முடியும்.

சாங்ஹுவா பக்கம் எங்கள் ஊரில் ஒரு ஷூ கம்பெனி இருந்தது. லியாவ் வென்ஹுங் அதன் மேனேஜர். என் அம்மா யூலான் தையல் வரிசையில் இருந்தாள். வரிசைக்கு முப்பது பெண்கள். கழிவறைக்குப் போக ஒரே ஒரு சிவப்பு மரவில்லை. எடுத்துப் போனவள் திரும்பி வந்து அதை ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவள் எழலாம். அது லியாவ் செய்த ஏற்பாடு. உற்பத்தி ஏறியது, அவரும் ஏறினார். கம்பெனி வியட்நாமுக்குப் போனபோது பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர் தைச்சுங் நகரத்துத் தலைமை அலுவலகத்தில் துணைத் தலைவர் ஆனார்.

நான் வயிற்றில் இருந்த ஏழாம் மாதம், வில்லைக்குக் காத்திருந்து காத்திருந்து அம்மா நாற்காலியிலேயே நனைத்துவிட்டாள். பக்கத்திலிருந்த தேநீரை மடியில் கவிழ்த்துக்கொண்டு, சிந்திவிட்டது என்று சொல்லி எழுந்தாள். அந்த விஷயம் யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

கோயிலுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் அந்தப் பழைய கம்பெனிப் பெண்கள், அம்மாவையும் சேர்த்து ஏழு பேர், தினமும் காலையில் ஊர்க் குப்பையைப் பிரிக்கிறார்கள். பள்ளி முடித்ததிலிருந்து நானும் போகிறேன். விற்று வருவதில், தனியாக வாழும் கிழவர்களுக்கு மதியச் சாப்பாடு போகிறது. அந்தக் கொட்டகைக்குத்தான் அறுபத்தேழு வயதில் லியாவ் வந்து நின்றார்.

"மேனேஜர் வழி தவறி வந்துட்டாரு போல," என்றாள் ஆஃபெங் அக்கா. "கோல்ஃப் மைதானம் அந்தப் பக்கம்."

ஓய்வு பெற்ற அன்று, தான் லிஃப்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அறைக் கதவில் வேறு பெயர் ஏறிவிட்டது என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அழைக்கவில்லையாம். யாருக்காவது உதவுகிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்றார். அம்மா ஒரு குவியலைக் கைகாட்டினாள். பொரித்த பன்றிக்கறியின் எண்ணெய் உறைந்த சாப்பாட்டு டப்பாக்கள், அடியில் ஜவ்வரிசி உருண்டை ஒட்டி அழுகிப்போன பால் தேநீர்க் கோப்பைகள். ஒருவரும் தொட விரும்பாத வேலை அது.

ஒரு மாதம் கழுவினார். பத்து மணித் தேநீருக்கு அவரை மட்டும் கூப்பிட மாட்டோம்.

ஐந்தாவது வாரம் ஒரு அட்டவணையோடு வந்து, அதைச் சுவரில் ஒட்டினார். யார் மணிக்கு எத்தனை கிலோ பிரிக்கிறார்கள், யார் முதலிடம் என்றெல்லாம் அதில் கட்டம் போட்டிருந்தது. உற்சாகப்படுத்தத்தான் என்றார். பெண்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். அம்மா அட்டவணையைக் கிழிக்கவில்லை. ஒரு மரத்துண்டை எடுத்துச் சிவப்புச் சாயம் பூசி, கழிவறைப் பக்கம் ஆணியில் மாட்டினாள்.

"இது உங்களுக்கு மட்டும்தான். இது ஆணியில இருந்தா போகலாம்."

லியாவ் அதைப் பார்த்துவிட்டு, அட்டவணையைத் தானே உரித்தெடுத்து காகிதக் கூடையில் போட்டார். அன்றிலிருந்து வில்லை இல்லாமல் அவர் போகவில்லை. இனி வரமாட்டார் என்று ஆஃபெங் அக்கா பந்தயம் கட்டித் தோற்றாள்.

ஒரு நாள் வில்லை அம்மாவின் மேலங்கிப் பையில் இருந்தது. அவள் வேண்டுமென்றேதான் வைத்திருந்தாள், நான் பார்த்தேன். லியாவ் வந்து கேட்டார்.

"இருங்க," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "நாங்க இருக்கலையா?"

அவர் திரும்பிப் போய்க் கழுவினார். இரண்டாவது முறையும் வந்து கேட்டார். அவளிடமிருந்து அதே பதில். வயதானவருக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

பிறகு அவர் குழாயை மூடினார். அவருடைய கால்சட்டை ஏற்கெனவே தண்ணீரில் நனைந்துதான் இருந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

"நனைச்சுட்டேன்," என்றார். "யூலான், அன்னைக்கு நீங்க தேத்தண்ணிய மேல கொட்டிக்கிட்டதைப் பார்த்தேன். எதுக்குன்னும் தெரியும். மாசக் கடைசி, வரிசை நிக்கக் கூடாதுன்னு பேசாம போயிட்டேன்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "இதைச் சொல்லத்தான் இங்க வந்தீங்களா?"

"இல்ல. சொல்லாமலே இருந்துடலாம்னுதான் இருந்தேன்."

கிளம்பத் துண்டைப் பிழிந்தார். அம்மா எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து வில்லையை எடுத்து, உடைந்த மரச்சாமான் குவியலில் வீசினாள்.

"நான் மன்னிக்கல. அதைக் கேட்டுக்கிட்டு வராதீங்க," என்றாள். "நாளைக்கு மாத்துத் துணி கொண்டாங்க. டப்பா இன்னும் பாதி கிடக்கு."

மறுநாள் ஒரு துணிப்பையோடு வந்தார். இரண்டு வருடமாக வருகிறார். பத்து மணிக்கு நாங்கள் இன்னும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் வீட்டிலிருந்து குடுவையில் தேநீர் கொண்டுவந்து, குழாய்ப் பக்கம் நின்றபடி குடிக்கிறார்.