சந்தனம் இல்லாத மொட்டை

நெற்றி ஏறிக்கொண்டே போனதில் எனக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வழுக்கையோடு மணமேடை ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, நான் வேலை பார்க்கும் ஜார்ஜ் டவுனிலேயே ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். பின்மண்டைத் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்து, வேர்களைப் பிரித்து முன்னால் நடுவது ஒன்று. "அதுக்கு மொட்டை வேணாம், ஆனா தையல் கோடு நிக்கும்லா" என்றார். மற்றது, ஊசியைவிடச் சற்றே தடித்த குழலால் வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டுவது. கோடு விழாது, தலையை மழிக்க வேண்டும். தழும்புக்குப் பயந்து மொட்டைக்குத் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சிகிச்சையன்று போனை அணைத்துவிட்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். எடுத்த வேர்களைக் குளிர்ந்த உப்புநீரில் போட்டுவைத்து, ஒற்றை முடி வேர்களை நெற்றி ஓரத்திலும், இரண்டு மூன்று முடி உள்ளவற்றை அதற்குப் பின்னாலும் இடுக்கியால் செருகினார்கள். எதுவும் உரசக் கூடாது, தளர்வான தொப்பி மட்டும் போடலாம் என்றார்கள். வாடகை அறைக்கு வந்து கண்ணாடி பார்த்தபோது எனக்கே பகீரென்றது. வீட்டில் யாருக்கும் தெரியாது. போனையும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் திறந்ததுமே அம்மா கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம் வீட்டிலிருந்து அழைத்தார். "எங்கய்யா போன? அப்பாவுக்கு நெஞ்சுவலி. முந்தாநாளே பக்கத்து வீட்டுக்காரங்க நீ இருக்குற ஊர் ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. காய்ச்சல்ல என்னால எழுந்திரிக்கவே முடியல, இன்னைக்குத்தான் பெர்ரி படகுல வரேன். நாளைக்கு ஆபரேஷன். அவர் மனசு பதறவே கூடாதாம்."

தொப்பியோடு ஓடினேன். அப்பா உற்றுப் பார்த்தார். "வார்டுக்குள்ள என்னடா தொப்பி? கழட்டு."

கழற்றினேன். அவர் முகம் வெளுத்தது. நான் ஒரே பிள்ளை. பெற்றவர்கள் போனால் மொட்டை போட வேண்டியவன்.

"அம்மா எப்படா போனா?"

"ஐயோ, அம்மா வந்துக்கிட்டிருக்காங்கப்பா!"

"ரெண்டு நாளா அவ ஏன் வரல? எதுக்கு மொட்டை?"

கல்யாணத்துக்காக முடி நட்டேன் என்று சொல்ல வாய் கூசியது. "அவங்களுக்குக் காய்ச்சல்பா. மொட்டை உங்களுக்காக வேண்டிக்கிட்டது" என்று உளறினேன்.

"வேண்டுதல் மொட்டைன்னா சந்தனம் பூசுவாங்களே. எங்கடா சந்தனம்?"

படுபாவி, அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழுதார். கட்டிலருகே மெஷினில் நாடித்துடிப்பு எண் ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் ஓடி வந்தார்.

அரை மணி கழித்து அம்மா துணிப்பையோடு உள்ளே வந்தார். என் தலையைப் பார்த்ததும் பை கைநழுவி விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அப்பா திரும்பினார். அம்மாவைக் கண்கொட்டாமல் பார்த்தார். உயிரோடுதான் நிற்கிறார் என்று நிச்சயமானதும் மெல்ல மூச்சு விட்டார். பிறகு மறுபடியும் என் தலையைப் பார்த்தார்.

"அப்ப எனக்காடா, இப்பவேயா?" என்றார்.