நானே தபாலில் போட்ட கார்டுகள்

இன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் லால்பேட்டை காதர் பாயைப் பார்த்தேன். நாற்பது வருடச் சிநேகிதம். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மூணு வருசமா உன் கிறிஸ்துமஸ் கார்டு வரல மச்சான். கோவம்னு நெனச்சுதான் நானும் பெருநாளைக்குக் கூப்புடல."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் யாருக்கு என்று ஒரு பெயர் விடாமல் நான் சொல்வேன், மகன் விலாசம் எழுதுவான். தபால் பெட்டியில் போடுவது நான்.

வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டேன்.

"அவுங்களுக்கெல்லாம் எதுக்குப்பா? என் ஆபீஸ்காரங்களுக்கு எழுதிட்டேன். ஒங்களுக்கா தெரியப்போவுது?"

மூன்று வருடமாக அவன் மேனேஜருக்குக் கார்டு போட்டு வந்திருக்கிறேன்.

இதைப் போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. படித்தவர்கள் சொல்லுங்கள், இதிலாவது காதர் பாய் பெயர் இருக்கிறதா?