ராகலையில் பலூடா குடித்த கதை

எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அசதி மட்டும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பாதி வரி எழுதுவதற்குள் கை கனக்கும். சோற்றைக் கண்டாலே முகம் சுளிக்கும்.

தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் என் கணவர், போனில் எதையோ பார்த்துவிட்டு வைத்தியத்தில் இறங்கினார். வல்லாரை, கறிவேப்பிலை, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத இலைகளையெல்லாம் அரைத்து, சிவப்பரிசியோடு காய்ச்சி, காலையில் ஆளுக்கொரு கோப்பை கஞ்சி. என் மாமியாரும் தப்பவில்லை.

"மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிங்கம்மா. நரம்புக்கு நல்லது."

மகன் அந்தப் பக்கம் திரும்பியதும் மாமி தன் பங்கைச் சௌசௌ கொடிக்கு ஊற்றிவிடுவார். கொடி கூரை வரை ஏறிவிட்டது.

மாமிக்கும் எனக்கும் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. ஒரு சனிக்கிழமை அவருக்கு பிரஷர் பார்க்க ராகலை டவுனுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குள் ஒதுங்கினோம். பால் டீ சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து மேசையைக் காட்டி மாமி மெதுவாகக் கேட்டார்.

"புள்ள, அந்த ரோசாப்பூக் கலர்ல குடிக்கிறாங்களே, அது என்னா?"

"பலூடா மாமி. ஐஸ் போட்டது."

"கசக்குமா?"

"இனிப்பு."

"அப்ப சொல்லு."

நானா பதறிப்போனார். "டீச்சர், குளிருல பல்லு கிட்டுது. நீங்க வேற காய்ச்சல்ல கெடந்து எழும்பின ஆளு. இஞ்சி போட்டு பிளேன்டீ தாரனே?"

"ரெண்டு பலூடா," என்றார் மாமி.

ஸ்வெட்டரும் தலையைச் சுற்றிய கம்பளித் துண்டுமாக உட்கார்ந்து மாமி முதல் கரண்டியை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணாடிக் கோப்பையின் அடியில் ஊறி உப்பிக் கிடந்த கசகசா விதைகளை உற்றுப் பார்த்தார்.

"தவள முட்ட மாதிரியே இருக்கு புள்ள."

ஆனால் குடிப்பதை நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து பலூடா மூக்கில் ஏறிவிட்டது. மாமியும் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நானா, இன்னொரு ரோல்ஸ் குடுங்க. சூடா."

"எம் மவன் மாதிரியே ஒருத்தன் பேசுறான் பாரு," என்றார் மாமி.

எட்டிப் பார்த்தேன். மகனேதான். கையில் பாதி மட்டன் ரோல்ஸ், உதட்டில் மிளகாய்ச் சோஸ். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"பெக்டரிக்கு மெஷின் பெல்ட் வாங்க அனுப்புனாங்கம்மா."

"எங்க பெல்ட்டு? வயித்துக்குள்ளயா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தக் கஞ்சியக் குடிச்சிட்டு வேலைக்குப் போனா கண்ணு இருட்டுது. நான் என்னா செய்ய?"

"அப்ப எங்களுக்குக் கஞ்சி, ஒனக்கு ரோல்ஸா?"

கடையே சிரித்தது. நானா சொல்லாமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எடுத்தேன். அதன் காரமும் சூடும் உள்ளே இறங்கியபோது, காய்ச்சலுக்குப் பிறகு முதன்முதலாக வாய்க்கு ருசி தெரிந்தது.

மழை விட்டது. அவர் நிஜமாகவே பெல்ட் வாங்கப் போனார். பஸ்ஸில் மாமி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு அகோரப் பசி.

அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே மாமி கேட்டார்: "கருவாடு பொரிக்கட்டா புள்ள? எத்தன துண்டு?"

"இருக்குறத எல்லாம் பொரிங்க மாமி," என்றபடி அரிசியைக் களையத் தொடங்கினேன்.