நான் நேராக அடித்த ஒரே அடி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, கம்பஸில் படிக்கிற பெடியளை நம்பி ஒரு கடைமாடியில் ஸ்நூக்கர் மேசை போட்டிருக்கிறார்கள். போன கிழமை மரக்கறி வாங்கப் போன நான், கத்தரிக்காய்ப் பையோடு மேலே ஏறிவிட்டேன். அறுபது வயதில் இது தேவையோ என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். ஒரு பெடியன் மரியாதையாகத் தடியைத் தந்தான். குனிந்தேன், ஒரு கண்ணைச் சுருக்கினேன், அடித்தேன். வெள்ளைப் பந்து சிவப்பைத் திரும்பியும் பாராமல் போய் மூலைக்குழியில் தானே விழுந்தது.

"அங்கிள், அடிக்கேக்கை முழங்கை வெளியாலை போகுது."

"தம்பி, அது முப்பது வருசமாப் போய்க்கொண்டுதான் இருக்கு," என்றேன்.

தடி நுனியில் பூசுகிற நீலச் சோக்கு விரலில் ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. எங்கள் காலத்துச் சோக்கு அப்படியில்லை, அதில் சலவை நீலம் மணக்கும். தொண்ணூறில் சண்டையால் பாதை பூட்டிச் சாமான் வராமல் போனபிறகு, பள்ளிக்கூட வெள்ளைச் சோக்கை வேட்டிக்குப் போடும் நீலத்தில் ஊறவைத்துக் காயவிடுவோம். வெள்ளையே போதும்தான். ஆனால் நீலமாக இல்லாவிட்டால் விளையாடுகிற மாதிரி இராதே! சட்டைக் கையெல்லாம் நீலம் பிரள, அம்மாவிடம் வாங்கிக் கட்டியது தனிக்கதை.

மானிப்பாயில் எங்கள் இளைஞர் மன்றத்து மேசை, மலாயாவில் வேலைபார்த்துப் பென்சனோடு திரும்பிய ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. பச்சைத் துணியில் இரண்டு தையல். கிழக்குப் பக்கம் மெல்லிய சரிவு. கரண்ட் இல்லாததால் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு யன்னலால் வரும் வெயிலில்தான் ஆட்டம். சரிவைத் தெரிந்தவன் வெல்வான் என்பார்கள். எனக்குச் சரிவு நன்றாகத் தெரியும். என்றாலும் தோற்பேன்.

அந்த வருஷம் நல்லூர்ப் பக்கத்து மன்றத்தோடு போட்டி. எங்கள் பக்கம் நாலு பேர் வேண்டும், மூவர் நிச்சயம். நாலாவது ஆள் நானா அன்ரனா என்பதைச் சனிக்கிழமை ஒரு ஆட்டத்தில் தீர்ப்பதென்று முடிவு. அன்ரன் குருநகர்ப் பெடியன், நான் வேலைபார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குப் பக்கத்து மேசைக் கிளாக்கர். என் கோணல் அடிக்கு மருந்து சொன்னதும் அவன்தான். எதிராளிக்கு வழி சொல்லிக்கொடுத்தானே என்று வியக்காதீர்கள். நான் வெல்லமாட்டேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"மச்சான், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு தடியை ஓட்டிப் பார். நேரா ஓடினா நுனி மட்டும்தான் தெரியும். கோணினால் முழுத் தடியும் உன்னைப் பாத்துச் சிரிக்கும்."

எங்கள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான். அது அக்காவின் சீதன அலுமாரியில் இருந்தது. பாதை பூட்டுமுன் அம்மா ஆசையாகச் செய்வித்த தேக்கு அலுமாரி. அதன்மேல் எப்போதும் ஒரு பழைய பெட்சீட் தொங்கும். அக்கா தலையிழுத்துப் பின்னுவதெல்லாம் குசினிச் சுவரில் கொழுவியிருந்த கைக்கண்ணாடியில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளைப் பார்க்கச் சாவகச்சேரியிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை நீதிமன்றத்தில் கிளாக்கர். அக்காவுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. நல்ல இடமெல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளைகளாகப் பறந்துகொண்டிருந்த காலம். அம்மாவுக்கு நித்திரையே இல்லை.

எனக்கும் நித்திரையில்லை, ஸ்நூக்கரால்.

மன்றத்துத் தடியைச் சைக்கிள் பாரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்சீட்டை விலக்கி, குசினி மேசையை அலுமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மூன்று நாள் தடியை ஓட்டினேன். முழுத் தடியும் என்னைப் பார்த்துச் சிரித்தது. வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தா, அக்கா கிணற்றடியில். தலையை அசைக்காமல், முழங்கையைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினேன். ஐயோ, அந்த அழகைச் சொல்லவா! நுனி மட்டும் தெரிந்தது. தடி நூல் பிடித்தமாதிரிப் போனது. கோணலாகப் போனவரை அது ஒரு சாண் முன்னதாகவே நின்றுவிடும். நேராகப் போனால் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருநாளும் போனதில்லையே.

கண்ணாடியின் நட்ட நடுவில் பட்டது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முழுவதும் கொட்டுண்டது.

கோயிலால் வந்த அம்மா வாசலிலேயே பொத்தென்று இருந்துவிட்டா. "அறுவானே! ஞாயிற்றுக்கிழமை அவையள் வருகினமெல்லே! கண்ணாடிக்கு இனி எங்கையடா போறது?"

எங்கும் போகமுடியாது. யாழ்ப்பாணக் கடைகளில் அந்த அளவில் கண்ணாடி இல்லை. அக்கா என்னை ஏசவில்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளும்போது மெல்லச் சொன்னாள்: "நான் இன்னும் அதிலை என்னை முழுசாப் பாக்கேல்லையடா. கலியாணத்தண்டைக்குப் பாப்பமெண்டு இருந்தனான்."

சனிக்கிழமை நான் மன்றத்துப் பக்கமே போகவில்லை. அன்ரன் நாலாவது ஆளானான்.

ஞாயிறு அவர்கள், பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் அறைக்குள் எட்டிப் பார்த்து, "உந்த அலுமாரிக் கண்ணாடிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா. அந்த நாளில் ஊரில் எது உடைந்தாலும் பழி போட ஒரு ஆள் இருந்தது, குண்டு போட வரும் விமானம். அம்மா அதைத்தான் பிடித்தா. "போன கிழமை பொம்மர் போட்ட அதிர்ச்சியிலை..."

அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். "இல்லை மாமி, பொம்மரில்லை. தம்பி தடியாலை குத்தினவன்."

எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மாப்பிள்ளை மட்டும் என் பக்கம் திரும்பி, "நடுவிலையோ பட்டது?" என்று கேட்டார்.

"ஓம், நடுவிலைதான்," என்றேன், கொஞ்சம் பெருமையாக. அந்த வெட்கங்கெட்ட பெருமையை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

இரண்டு கிழமை ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணாடி உடைந்த வீடு, சகுனம் சரியில்லை என்று தாய் தயங்குவதாகத் தரகர் சொன்னார். அம்மா என்னோடு கதைக்கவில்லை. அக்காவின் வாழ்க்கையை ஒரு விளையாட்டுத் தடியால் குத்திப்போட்டேனே என்று சோறு இறங்கவில்லை. பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். உடைக்கிற வேலையில்தான் எனக்குக் கைராசி. மூன்றாம் கிழமை சம்மதம் வந்தது. பிறகொருநாள் அத்தானிடமே காரணம் கேட்டேன்.

"கோட்டிலை நாள் முழுக்கப் பொய்தான் கேக்கிறன். பொம்மர் எண்டு சொல்லித் தப்பக்கூடிய இடத்திலை தப்பாத ஆளை அண்டைக்குத்தான் கண்டனான்."

அலுமாரியில் கண்ணாடி இருந்த இடத்துக்குத் தச்சர் பலகை அடித்துவிட்டார். கலியாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் வந்த சத்தம் கேட்டு, சோடித்துக்கொண்டிருந்த பெண்டுகள் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். அறை வாசலில் நான். பட்டுச்சேலையின் முன்மடிப்பைப் பிடித்தபடி அக்கா அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, என் பக்கம் திரும்பினாள்.

"உடைச்சவன் நீ. நீதான் பாத்துச் சொல்லோணும். கொய்யகம் நேரா இருக்கோ?"

தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். என் அக்கா அவ்வளவு வடிவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நேராத்தான் இருக்கு அக்கா."

அந்தப் போட்டி கடைசிவரை நடக்கவேயில்லை. அன்ரன் படகேறிப் போனவன், எங்கே என்று தெரியாது. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே வீட்டை விட்டு நடந்தபோது கலியாணப் படங்கள் அம்மாவின் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிட்டன. திரும்பி வரும்போது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. மன்றம் இருந்த இடத்தில் மேசையின் ஒரு கால்கூட இல்லை. அத்தானும் காலமாகிவிட்டார். அக்கா கனடாவில். சிலவேளை போனில், "தம்பி, அண்டைக்கு நான் எப்பிடி இருந்தனான்?" என்று கேட்பாள். அவளுக்குப் பதிலாக அதை முழுசாகப் பார்த்து வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். கொய்யகம் இடப்பக்கம் நாலு விரல் சரிந்துதான் இருந்தது. அதை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.