கரண்டியின் முதுகு

பழைய கரண்டி வாங்கி விற்கிறவன் அதன் முகத்தைப் பார்த்தால் ஏமாந்து போவான். குப்புறப் போட்டு முதுகைப் பார்க்க வேண்டும். பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழே இருக்கும் என் கடைக்கு, வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களில் விட்டுப்போன கரண்டியும் முள்ளுக்கரண்டியும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து சேரும். அசல் வெள்ளியா, பூச்சா, யார் செய்தது என்று நான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லி அதற்காகவே திட்டு வாங்கும் தொழில் உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் பாடு புரியும்.

தாத்தாவின் பெயர்

பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது நாலு எழுத்து: ஈ.பி.என்.எஸ். கரண்டியின் முதுகில் அது இருந்தால் உள்ளே நிக்கல் கலந்த உலோகம், மேலே மட்டும் வெள்ளிப் பூச்சு. பசறையிலிருந்து வந்த ஒரு தம்பி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது எங்க தாத்தா பேருங்க. ஈ.பி.என். சிவலிங்கம். தோட்டத்துல பெரிய கிளாக்கர்" என்றார்.

பேசிப் பயனில்லை என்று, என் பெட்டியிலிருந்து அதே நாலு எழுத்துள்ள வேறொரு கரண்டியை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுவும் எங்க தாத்தாவோடதுதான். உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

வாள் இல்லாத சிங்கம்

இங்கிலாந்தில் செய்த அசல் வெள்ளியில் ஒரு குட்டிச் சிங்கம் குத்தியிருக்கும். நமுனுகுலப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துணியில் சுற்றி ஒரு கரண்டி கொண்டுவந்தார். காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று நின்றே வயதானவர். சிங்கம் என்று நான் சொன்னதும் மறுபடி துணியைச் சுற்றத் தொடங்கிவிட்டார். "சிங்கம் போட்டிருந்தா அரசாங்கச் சாமானுங்களே. நமக்கு எதுக்கு வம்பு."

இலங்கைக் கொடியில் இருக்கிற சிங்கத்துக்குக் கையில் வாள் உண்டு, இதற்கு இல்லை, பாருங்கள் என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஆமாங்க, வாளைக் காணோம். வெறுங்கையத் தூக்கிக்கிட்டு நிக்குது. நம்ம ஆளுதான், பெரட்டுல பேரு குடுக்குது."

நங்கூரம்

அந்தப் பூதக்கண்ணாடி பக்கத்துக் கடையில் கடிகாரம் திருத்தும் பாரூக் நானாவுடையது. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, 'என் கண்ணாடி எங்கே' என்று சத்தமாகக் கேட்டவர் அவர். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒருவருக்கு முத்திரைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு எழுத்து செய்தவர் பெயர், இந்த நங்கூரம் பர்மிங்ஹாம் ஊரின் அடையாளம், அந்த ஊரில் கடல் கிடையாது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடல் இல்லாத ஊருக்கு நங்கூரமா? விலையைக் குறைக்கக் கதை விடாதீங்க" என்றார். கண்ணாடியைத் திருப்பி வாங்க வந்து நின்ற நானா நிதானமாகச் சொன்னார்: "ஏன் தம்பி, துறைமுகமே இல்லாத நம்ம பதுளையில எத்தனை துரை இருந்தாங்க?"

வெள்ளியாக இருக்கக் கூடாது

மடுல்சீமையில் ஒரு பங்களாவில் மாரிமுத்து அப்பு என்று ஒரு சமையல்காரர் இருந்தார். இளவயதில் நான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய சாமான் கேட்டுப் போனபோது, கொட்டுகிற மழையில் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "சாக்குக்காரனுக்கு உள்ள என்னடா வேலை?" என்றவர். இப்போது அவர் இல்லை. போன தை மாதம் அவர் மனைவி ஒரு பெரிய கரண்டியோடு கடைக்கு வந்தார். கூடவே, பேத்தியைப் பெண் கேட்டிருந்த வீட்டுக்காரர், மாப்பிள்ளையின் அப்பா.

அந்தப் பங்களாவில் ஒரு காலத்தில் வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போயிருந்தது. அப்புவோ, வேலையை விட்டு நின்றபோது துரை தனக்கு அசல் வெள்ளிக் கரண்டி கொடுத்தார் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார். அவர் செத்ததும் ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. திருடன் வீட்டில் பெண் எடுப்பதா என்று மாப்பிள்ளை வீட்டில் தயங்கினார்கள். "வெள்ளியா மட்டும் இருக்கக் கூடாதுங்க" என்றார் அந்த அம்மா. என் கடையில் அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

சிங்கம் இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டுதான் நான் கரண்டியைத் திருப்பினேன். இருந்தது என்னுடைய நாலு எழுத்து. மேசையில் உரசும் இடத்தில் பூச்சுத் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பூச்சுதாங்க. தொலைஞ்சது இது இல்ல" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா கரண்டியை வாங்கிப் பார்த்தார். "அப்ப வெள்ளி வெள்ளின்னு அவரு சொல்லித் திரிஞ்சது?"

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொய்தாங்க சம்பந்தி. பொய் சொல்றது அவருக்குப் பழக்கம், திருடுறதுதான் இல்ல."

கல்யாணத்துக்குப் போய் அதே கரண்டியால் ஊற்றிய பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன் என்றாலும், அப்பு என்னை மழையில் நிறுத்தியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.