பனிமலைக்கு நாள் பார்த்தேன்

என் மகள் வெளிநாட்டில், பனிமலை அடிவாரத்து ஹோட்டல் ஒன்றின் நிலவறையில், துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். அங்கே வந்து தங்குகிறவர்கள் காலில் நீளப் பலகையை மாட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கி இறங்கத்தான் வருகிறார்கள். ஸ்கீ என்கிறார்கள். அவர்களுடைய ஈரக் காலுறையைத் துவைத்துத் துவைத்து இவளுக்கும் ஆசை வந்துவிட்டது. சமையலறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அடிவாரத்துச் சரிவில் இவளுக்குச் சறுக்கப் பழக்கிவிட்டாள். ஆனால் உச்சிக்குப் போனதில்லை. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அதற்குள் ஒரு தரமாவது மேலே போய்விட வேண்டும் என்று இருந்தாள்.

லீவை முன்கூட்டியே கேட்க வேண்டுமாம். அதனால் என்னிடம் சொன்னாள்:

“நாள் நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. நிலத்துக்குக் கீழ வேல செய்றவளுக்கு வெயிலா மழையான்னே தெரியாது. கல்யாணத்துக்குத்தான் நான் உங்கள நாள் பாக்க விடல, இதுக்காவது பாருங்க.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். ஃபோனிடம் மட்டும் எனக்கு வெட்கமில்லை. அது திருப்பிக் கேள்வி கேட்காது. தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை விட்ட பிறகு எனக்கு நேரத்துக்கும் குறைவில்லை. மகள் அனுப்பிய வானிலைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் ஊரான மடுல்கெல்லையில் உட்கார்ந்து அந்த மலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

பக்கம் இங்கிலீஷில் இருந்தாலும் படமும் இலக்கமும் எனக்குப் போதும். ஒரே மலைக்கு உச்சி, நடு, அடிவாரம் என்று மூன்று வரிசை. முதல் நாளே ஒன்று விளங்கவில்லை. அடிவாரத்தில் மழைத்துளி, உச்சியில் பனிப்பூ. ஒரே நேரத்தில் எப்படி? மகள்தான் சொன்னாள், பக்கத்தில் ஓர் உயரம் போட்டிருக்கிறதே, அதற்கு மேலே பனி, கீழே மழை என்று. அந்த உயரம் நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். அது ஹோட்டலுக்கும் கீழே இறங்கிவிட்டால் ஊர் முழுவதும் பனி. எங்கள் தோட்டத்திலும் மேல் பிரிவு நனையும்போது கீழ் பிரிவு காயும். அதை நினைத்ததும் விளங்கிவிட்டது.

ஒரு நாள் உச்சியில் ஐம்பது சென்டிமீட்டர் பனி என்று இருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். எங்களுக்கு அவ்வளவு மழை பெய்தால் மலையே மிஞ்சாது. அதை அள்ளிச் சட்டியில் போட்டு உருக்கினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும் என்று மகள் சிரித்தாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து நாள் குறித்தேன். சில நாள் விடாத பனிப்பொழிவு, அதற்கு அடுத்த நாள் முழுச் சூரியன். அந்தச் சூரியனைத்தான் சொன்னேன். அடைமழை விட்டு முதல் வெயில் அடித்தால் லயத்து வரிசை வீடுகளில் அத்தனை பேரும் கம்பளி, பாய் எல்லாவற்றையும் வெளியே போடுவோம். நல்ல நாள் என்றால் எனக்கு அதுதான்.

லீவும் கிடைத்த பிறகு, மலைப் படத்துக்குக் கீழே சின்ன முக்கோணம் ஒன்று கண்ணில் பட்டது. சிவப்பு நிறம், உள்ளே நாலு என்ற இலக்கம். அந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஏறிப் பன்விலை டவுனுக்குப் போய், ஃபோன் கடையில் ஆட்கள் குறையும்வரை ஓரமாக நின்று, கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன். அவர் வாசித்துப் பார்த்தார்.

“இது மண்சரிவு மாதிரித்தான் அம்மா. மண்ணுக்குப் பதிலா பனி சரியும். அஞ்சு வரைக்கும் போகும், இது நாலு.”

“வெயில் படம் போட்டிருக்கே தம்பி?”

“மழ விட்ட ஒடனே மலை காஞ்சிருமா? விழுந்த பனி மேலதானே ஈக்குது.”

திரும்பி வரும் பஸ்ஸில் பழைய மண்சரிவு நினைவுக்கு வந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இறங்கியதும் ஒரு வெயில் நாளில்தானே. அடைமழைக்குப் பாடசாலையில் போய்த் தங்கியிருந்த நாங்கள், மழை விட்டதென்று வீடு திரும்பி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். சரிந்த மண் கோழிக்கூட்டை மூடியதோடு நின்றது. அதைக் கண்ணால் பார்த்த நானே மகளுக்கும் அதே மாதிரி நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

என் குரலை நானே கேட்கக் கூசும் என்பதால் குரல் பதிவு அனுப்பிப் பழக்கமில்லை. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்று பேசினேன்: “புள்ள, நான் பாத்த நாள் சரியில்ல. மேல போவாத.”

பொழுது சாயும் நேரத்தில்தான் பதில் வந்தது. ஆபத்து என்றால் உச்சிக்கு ஆளேற்றும் கம்பியை அவர்களே நிறுத்திவிடுவார்களாம், பயப்படத் தேவையில்லையாம். அந்த லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நாள் கேட்கிறாளாம். கடைசியில் குரல் கொஞ்சம் தணிந்தது. “இன்னொரு தரம் மாத்த மாட்டாங்கம்மா.”

அதன் பிறகு முக்கோணத்தை முதலில் பார்த்தேன், சூரியனைக் கடைசியில் பார்த்தேன். நாலு மூன்றாகி, இரண்டாகியது. நல்ல வெயில் நாள் ஒன்றும் வந்தது. சொல்ல வாயெடுத்தபோது உச்சி வரிசையில் காற்றின் இலக்கம் பெரிதாக இருந்ததைக் கண்டேன். அங்கே கம்பியில் தொங்கும் கதிரையில் உட்கார்ந்துதான் மேலே போவார்கள். என் சின்ன வயதில் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கு கம்பியில் இறங்கும். காற்றில் அது ஆடும் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளை விட்டேன். அதற்கடுத்த நாள் வானத்தில் பாதி மேகம். ஆனால் காற்று இல்லை, புதுப் பனி இல்லை, முக்கோணத்தில் இரண்டு. அதைச் சொன்னேன்.

அந்த நாள் வந்தபோது எங்கள் பக்கம் மூட்டம் இறங்கி எதிர் மலை தெரியவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது. மூக்குச் சிவந்து மகள் தெரிந்தாள்.

“காத்து நீங்க சொன்ன மாதிரியேதான். குளிரத்தான் கொறச்சுச் சொல்லிட்டீங்க.”

ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். இலக்கமாகவே பார்த்துவந்த மலை வெள்ளையாக, முடிவில்லாமல் கிடந்தது. எங்கே நடு, எங்கே அடிவாரம் என்று கேட்டேன். கையுறை போட்ட விரலை நீட்டி, அந்தா அந்தப் புள்ளிதான் ஹோட்டல் என்றாள். அவ்வளவு தூரம் சறுக்கியா இறங்கப்போகிறாள்? இறங்கினதும் சொல் என்றேன்.

சோறு ஆறிப்போன பிறகு செய்தி வந்தது. துணி வெளுக்கும் அறைக்கு இறங்கும் படி வாசலில் இரண்டு பலகைகள் பனியில் குத்தி நிற்கும் படம். கூடவே அவள் குரல்:

“வந்து சேந்துட்டேன். இன்னைக்கு என் காலுறைய நானே தொவைக்கணும்.”